வரிசை மாறாமல் மூடிய குழி

எங்கள் தெருவில் அவரைக் குழியார் என்றால்தான் தெரியும். மண் ஆய்வுத் துறையில் வேலை. நிலத்தில் ஆளுயரக் குழி வெட்டி, உள்ளே இறங்கி, அதன் சுவரை வாசிப்பார். வேரும் மட்கிய இலையும் கலந்த கறுப்பு மேல்மண்ணுக்கு ஏ என்று பெயர். களி இறங்கித் தங்கிய செம்மண்ணுக்கு பி. பாறை பொடிந்துகொண்டிருக்கும் அடிமண்ணுக்கு சி. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியை நனைத்து, விரலிடுக்கில் நாடாவாக இழுத்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, இன்ன வகை மண் என்று முடிவு சொல்வார். ஒரு தடவை மாடு ஒன்று குழிக்குள் எட்டிப் பார்த்து, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டதாம். நம்பாதவர்கள் அந்த மாட்டையே விசாரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். ஒரே பெண்குழந்தை, பிறந்த வாரமே போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் அவரே புதைத்தார். அடையாளத்துக்கு நட்ட செடி அந்தக் கோடையிலேயே கருகியது. பிறகு வேலி இரண்டு தடவை இடம் மாறியது.

முப்பது வருடம் கழித்து, சாலையை அகலப்படுத்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மனைவி சாமான் எதையும் கட்டவில்லை.

“அவ இருக்கிற இடத்து மண்ணையாவது எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்.”

“எந்த இடம்னு தெரியலையே, இவளே.”

“ஊரான் நிலத்துல எங்க தோண்டியிருக்காங்கன்னு பாத்ததுமே சொல்றீங்க. நம்ம தோட்டத்துல மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?”

நியாயமான கேள்விதான். ஒருமுறை தோண்டி மூடிய மண் தன் வரிசையை இழந்துவிடும். கறுப்புத் துணுக்குகள் செம்மண்ணுக்குள் சிக்கிக் கிடக்கும். செம்மண் மேலே திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தக் கலப்பு லேசில் மறையாது. அந்த மண்ணில் சின்ன எலும்பு கரைந்துபோயிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. மண்ணின் வரிசை ஒன்றைத்தான் நம்பித் தோண்டினார்.

தோட்டம் முழுக்கக் குழி. எல்லாவற்றிலும் ஏ, பி, சி ஒழுங்காக, யார் கையும் படாததுபோல இருந்தன. கடைசிக் குழிக்குள் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

“என்ன ஆச்சு?” என்று மேலிருந்து கேட்டாள்.

“நான் மூடின விதம்தான்.”

வேலையில் குழி வெட்டினால், மண்ணை மூன்று குவியலாகப் பிரித்து வைத்து, அடிமண்ணை முதலில் தள்ளி, மேல்மண்ணைக் கடைசியில் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பயிர் தலையெடுக்காது. நிலக்காரர் சண்டைக்கு வருவார்.

“அன்னைக்கும் அப்படியே மூடிட்டேன். அழுதுக்கிட்டுதான் மூடினேன். ஆனா கை பழக்கத்தை விடல. மிதிச்சு வேற இறுக்கினேன். மிச்சத்தை மழையும் வேரும் பாத்துக்கிச்சு.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மேல வாங்க. எல்லாத்தையும் மூடணும். நாளைக்கு வண்டி வருது.”

அவர் மண்வெட்டியை எடுத்து அடிமண் குவியலுக்குப் போனார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“கலந்து போடுங்க. நாம இங்க தேடினதாவது தெரியட்டும்.”

“யாருக்குடி தெரியணும்?”

அவர் கறுப்பு மண்ணை ஒரு வெட்டு அள்ளினார். குழியின் விளிம்பில் கை நின்றுவிட்டது. அவள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். கறுப்பும் சிவப்பும் பார்க்காமல், ஒவ்வொரு குழியாக, இருட்டும்வரை அவளே தள்ளி மூடினாள்.