ஞானசேகரத்தின் தோள் காய்ப்பு

ஒரேயொரு விலங்கியல் பாடத்தை நடத்திப் பட்டாளத்தின் கையிலிருந்து ஒரு மனிதனை மீட்டவள் நான். இதில் பாதியை நீங்கள் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம்.

அந்த மனிதன் ஞானசேகரம், லிங்கநகரில் எங்கள் அடுத்த வளவுக்காரன். பன்னிரண்டு வயது தொடங்கிக் கடற்கரையில் கூலி. தடியின் இரு முனையிலும் மீன்கூடை, தடி வலத்தோளில். அந்தத் தோளைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அரை வடை அளவில் மஞ்சள் காய்ப்பு. நடுவே தடியின் பருமனுக்கு ஒரு பள்ளம். வெடிப்புகளில் ஊறிய மீன்தண்ணீர், இரண்டொரு செதிள்.

தொண்ணூற்றேழில் சென்றிகளில், பட்டாளத்தின் சோதனைக் காவலரண்களில், சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். தோள் காய்த்திருந்தால் துப்பாக்கி சுமந்த துவக்குப் பட்டி. முழங்கை காய்த்திருந்தால் தவழ்ந்து பழகிய இயக்கப் பயிற்சி. அப்படி ஜீப்பில் ஏற்றப்பட்ட இருவர் திரும்பவேயில்லை. பயந்துபோன ஞானசேகரம், மனைவி பூரணி சொல்லச் சொல்லக் கேளாமல், பிளேட்டால் காய்ப்பைச் சீவினான். மூன்று வாரம் சீவினான். கூடை இறங்கினால்தானே? அது திரும்பத் திரும்பத் தடித்தது. கடைசியில் சீழ் வைத்தது.

ஒரு காலை, சந்தைக்குப் போகும் வழியில் அவனுக்குப் பிடித்தது சனி. பூரணியும் நானும் பின்னால் சென்றி வரிசையில். தடியைக் கீழே வைத்துச் சட்டையைக் கழற்றினான். நாற்றம் வரிசை நெடுகப் போனது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பேனை முனையால் அதைக் குத்தினான். வழிந்த சீழை ஞானசேகரத்தின் சட்டையிலேயே துடைத்தான். சீழைவிட அந்தத் துடைப்புத்தான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு.

"துவக்கு அடையாளம். வெட்டி மறைச்சது. ஏறு ஜீப்!"

"மாத்தயா, தோலின்ர அடித்தட்டில தாய்க் கலங்கள், தாய் செல்லுகள், இருக்கு," என்றேன். "அமத்த அமத்த அதுகள் பிரியும். சிலது கீழையே நிண்டு திரும்பப் பிரியும், சிலது மேல தள்ளுப்பட்டுத் தடிச்சுச் செத்துப்போகும். எது என்னவாகும் எண்டதில பாரத்துக்கும் பங்கிருக்கு. சீவினாலும் பாரம் ஏறினா அதே இடத்தில, அதே வடிவத்தில வரும். பட்டி தட்டை, தடி உருளை. வைச்சுப் பாருங்கோ!"

வைத்தார்கள். அளவெடுத்தாற்போல் தடி பள்ளத்தில் உட்கார்ந்தது. ஞானசேகரம் பல்லைக் கடித்தான். அதிகாரி காறித் துப்பிவிட்டு, நாயை விரட்டுவதுபோல் கையைக் காட்டினான்.

இதுவரை எழுதியதை ஞானசேகரத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"ரீச்சர், கலப் பாடம் அடுத்த கிழமை எங்கட குசினி அடுப்படியில எல்லோ எடுத்தனீங்கள்? அண்டைக்கு சென்றியில நீங்கள் தண்ணி ஓடுற கான் ஓரத்தில குந்தியிருந்து ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தனீங்கள். தடியைத் தூக்கித் தோளில வைச்சுக் காட்டினவள் பூரணி."