சாமியால் முடியாத ஒன்று

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம். வளப்பூர் நாட்டில் நான் வாத்தியார். அங்கிருந்த பூசாரி ஒல்லியானவர். ஒரு மிளகைக் கடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"சாமியால் முடியாதது உண்டா?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"உண்டுங்க. பொய் சொல்ல முடியாதுங்க."

அதை நம்பித்தான், ஓர் அடைமழைக் காலத்தில், காய்ச்சலில் கிடந்த மனைவியை டோலியில் அடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கலாமா என்று சாமியிடம் பூக்கேட்டேன். வெள்ளை வந்தால் இறக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி மடித்து வைத்த இரண்டு இலைப் பொட்டலங்களில் நான் எடுத்தது சிவப்பு. இறக்கவில்லை. அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

பிறகு சாமி காலடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"பொய் சொல்லாதுன்னீங்களே?"

எடுத்த மிளகை அவர் கடிக்கவில்லை. "இந்த மழையில தூக்கிட்டுப் போனா வழியிலயே போயிருவாங்கன்னு நெனச்சேனுங்க. பொய் சொல்ல முடியாதது சாமியாலதானுங்க."

அவர் நினைத்தது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நான் கேட்டது அவரை அல்ல.