பம்புக்குத் தெரியாத பலகாரம்

பூமி தட்டை என்பதற்கு அடுத்தபடியாக மனிதகுலத்தைத் தடம்புரளச் செய்த நம்பிக்கை ஒன்று உண்டு: தானியங்கி இன்சுலின் பம்பு இருந்தால் கண்டதையும் தின்னலாம். பம்பு ரத்தச் சர்க்கரையைப் பார்த்து மருந்தைக் கூட்டும், குறைக்கும். தட்டில் கிடப்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு மாவுச்சத்து என்று சாப்பிடுமுன் நாம்தான் அதில் பதிய வேண்டும். தூத்துக்குடியில் உணவு ஆலோசகனாக இருந்தபோது இதைச் சொல்லியே பகை சம்பாதித்தேன். பத்தியம் சொல்லிப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்குப் புரியும்.

கருப்பட்டி

தங்கராஜ் அண்ணாச்சிக்கு மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை. மகள் மகேஸ்வரிக்குச் சிறுவயதிலேயே சர்க்கரை நோய். புதிதாகப் பம்பு பொருத்தியிருந்தாள். சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கல்லூரி திறப்பதற்குள் சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் விடுதி, இல்லையென்றால் வீடு என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு.

சனிக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார்கள். காலைதோறும் சர்க்கரை எகிறியது. விசாரித்தால், இட்லியைப் பம்பில் பதிந்திருக்கிறாள்; அப்பா ஆற்றித் தரும் கருப்பட்டிக் காபியைப் பதியவில்லை. கருப்பட்டியும் சர்க்கரையே என்றேன். பனங்காட்டு வம்சத்தவரிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது? அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சீனி மில்லுல இருந்து வருது. கருப்பட்டி மரத்துல இருந்துல்லா வருது!"

மக்ரூன்

அடுத்த சனிக்கிழமை புதுச் சிக்கல். தோழி பிறந்தநாளுக்கு, தூத்துக்குடிக்கே பேர்போன பலகாரமான மக்ரூன் பொட்டலம் பிரித்திருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும்தானே, மாவே இல்லையே என்று அதையும் மகேஸ்வரி பதியவில்லை. அந்த இரண்டையும் நுரைக்க நுரைக்க ஒட்டிவைப்பது சீனிதான் என்று வரலாற்றுக் குறிப்புகளோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்போ இந்த ஊர்ல பொறந்ததுதான் சார் தப்பு."

பழச்சாறு

இப்போது எல்லோரும் கைபேசியில் சர்க்கரை அளவின் வரைபடம் அனுப்பிவிடுகிறார்கள். அண்ணாச்சி நேரில் வந்து சண்டை போட்ட அந்தச் சனிக்கிழமைகளுக்காக மனம் ஏங்குகிறது.

கல்லூரி திறக்கும் வாரம், என் அறையிலேயே மகேஸ்வரிக்குச் சர்க்கரை இறங்கியது. பம்பு அலறியது. அண்ணாச்சி பையிலிருந்து பெரிய பழச்சாற்றுப் பாட்டிலை உருவினார். பம்பு ஏற்கெனவே மருந்தை நிறுத்தியிருக்கும், கொஞ்சம் இனிப்பு போதும், முழுப் பாட்டிலும் போனால் பிறகு தலைக்குமேல் ஏறும் என்றேன்.

"கொஞ்சம்னு சொல்லுதது ஒங்களுக்கு லேசு சார். சின்னப் புள்ளையில இவ பேச்சுமூச்சில்லாமக் கெடந்ததப் பாத்தது நானுல்லா," என்றார். பாட்டில் மூடியைத் திருகத் தொடங்கினார்.

அதற்குள் மகேஸ்வரி தன் பையிலிருந்து குளுக்கோஸ் மாத்திரையை எடுத்து மென்றுவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணைப் பம்பிலேயே வைத்திருந்தாள். எண் மெல்ல ஏறி நிதானத்தில் நின்றது.

"ஏளா, மெட்ராஸ்ல இத யாரு பாப்பா?" என்றார் அண்ணாச்சி.

"இப்ப யாருப்பா பாத்தா?"

மகேஸ்வரி சென்னை போனாள். விடுதியில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால், மில்லர்புரம் கடையில் யார் எது கேட்டாலும் அண்ணாச்சி போனைக் காதில் வைத்து, தட்டில் என்ன, பம்பில் பதிந்தாயா என்று கேட்டபடியே கைகாட்டி நிற்கச் சொல்வார்.