தூளியில் நடந்த அப்பா

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், ஏனாத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு டச் போனை வாங்கிக் கொடுத்து, தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டாள். அடிகளை அந்தப் போனே எண்ணும். தினமும் ராத்திரி ஏழு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டுக் கேட்பாள். குறைந்தால் அழுவாள். அவள் அழுதால் எனக்கும் அழுகை வந்துவிடும். அப்பாவோ, காலையில் டிராக்டர் சீட்டில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சித்தியின் கைக்குழந்தையை ஆட்டுவது என் வேலை. ஸ்பிரிங் மாட்டிய தூளி. ஒருநாள் அப்பா வீட்டிலேயே விட்டுப்போன போனைத் தெரியாமல் குழந்தையின் கால்மாட்டில் போட்டுவிட்டேன். அப்புறம் எடுத்துப் பார்த்தால், அடேயப்பா! தூளி ஒருமுறை குதித்தால் ஓர் அடி! எழுந்து நிற்கக்கூடத் தெரியாத பிள்ளை, வாயில் விரலோடு தூங்கிக்கொண்டே பக்கத்து ஊர் திருப்புலிவனம்வரை போய்த் திரும்பியிருந்தது. பத்தாயிரத்தைத் தொட்டதும் திரையில் வாணவேடிக்கை வேறு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கழனியிலிருந்து வந்த அப்பா பார்த்துவிட்டார்.

“இன்னாடி பண்ணிக்கினு கீற?”

“உனக்காவ நடந்துக்கினு கீறேன் பா.”

விழுந்து விழுந்து சிரித்தார். “அக்காகிட்ட சொல்லிடாத” என்றார். மறுநாளிலிருந்து அவரே போனைத் தூளியில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து அக்கா எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. அக்கா பதறிப்போய்ப் போனைத் திறந்து டாக்டரிடம் நீட்டினாள். ஒருநாள் தவறாமல் பத்தாயிரம். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இவ்ளோ நடந்தும் குறையலன்னா, மாத்திரை போதாதுமா. இனிமே தினம் இன்சுலின் ஊசிதான்.”

அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி என்றாலே எனக்கு உயிர் போய்விடும். அப்பாவுக்குத் தினமும் ஊசியா? பாவம், நான் நடந்தது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து கை கடுக்கக் கடுக்க ஆட்டினேன். குழந்தையைச் சித்தி தூக்கிப்போன பிறகும் தலையணையைப் போட்டு ஆட்டினேன். அன்றைக்கு அப்பா இருபதாயிரம் அடி நடந்தார்.