மண்டோர் கொட்டிய தண்ணீர்

எனக்குப் புற்றுநோய் இருக்கு. இன்னும் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பூரண சுகம் கிடைச்சிருச்சுன்னு சொல்ல நான் இந்தக் கோயில்ல உங்க முன்னால நிக்கல. தலை நிமிந்து நிக்கிறேன்னு சொல்லத்தான் வந்தேன்.

என் பேரு பாக்கியநாதன். லாபு பக்கத்துத் தோட்டத்துல எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்திட்டுப் போற லோரி ஓட்டுறேன். மூணு வருஷத்துக்கு முன்னால, ஈஸ்டர் முடிஞ்ச கையோட, ஒண்ணுக்குப் போறதுல தொல்லை ஆரம்பிச்சுது. வயசாச்சு, அப்படித்தான்னு விட்டுட்டேன். இடுப்பு வலி வந்தப்பதான் என் வீட்டுக்காரி ரோஸ்லின் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா.

ரத்தம் எடுத்தாங்க, சதை எடுத்துப் பாத்தாங்க. டாக்டரம்மா நேராவே சொல்லிட்டாங்க. "பிராஸ்டேட்ல புற்றுநோய், அங்கிள். எலும்பு வரைக்கும் போயிருக்கு. முழுசா போக்க முடியாது. ஆனா அடக்கி வைக்கலாம்."

மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. அந்த ஊசி என்னை ஆளே மாத்திருச்சு. திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும். சட்டை நனைய வேர்க்கும். காரணமே இல்லாம அழுகை வரும். ரோஸ்லின் பக்கத்துல வந்து உக்காந்தாக்கூட எழுந்து போயிடுவேன். ஒரு புருஷனா என்னால இனி முடியாதுங்கிறதை அவகிட்ட எப்படிச் சொல்றது? ரெண்டு ஊசி போட்டேன். மூணாவது ஊசிக்குப் போகல. ஆஸ்பத்திரி அட்டையை லோரி சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சேன்.

ஒருநாள் மத்தியானம் ஆலை வாசல்ல வரிசையில லோரியை நிறுத்திட்டு ஆண்டவரோட சண்டை போட்டேன். செபம்னு அதைச் சொல்ல முடியாது. "சுகம் குடுக்க மாட்டீர்னா விடும். இதைப் பேசுறதுக்கு ஒரு ஆளையாவது அனுப்பும். அதுவும் முடியாதுன்னா இனிமே உம்மகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ரெண்டு நாள் கழிச்சு, குலை ஏத்துற இடத்துல லோரியை விட்டு இறங்கினேன். அடக்க முடியல. காற்சட்டை நனைஞ்சிருச்சு. கொஞ்ச தூரத்துல நாலஞ்சு ஆளுங்க குலை ஏத்த வந்துக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு முன்னால, அவங்களை வேலை வாங்குற கங்காணி அந்தோணி மண்டோர் நின்னாரு.

அவருக்கும் எனக்கும் ஒன்பது வருஷமாப் பேச்சு கிடையாது. அவர் தம்பி வேலை போனதுக்கு நான் ஆபீஸ்ல போட்டுக் கொடுத்ததுதான் காரணம்னு அவருக்கு நினைப்பு. நான் செய்யல. ஆனா அவர் நம்பல. கோயில்ல அவர் இடது பக்கம் உக்காந்தா நான் வலது பக்கம். போயும் போயும் இவர் கண்ணுலயா படணும்னு நினைச்சேன்.

அவர் என் காற்சட்டையைப் பாத்தாரு. என் முகத்தைப் பாத்தாரு. கத்தி கழுவ வச்சிருந்த தண்ணி வாளியைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு வந்தாரு. கிட்ட வந்ததும் தடுமாறி, மொத்தத் தண்ணியையும் என் இடுப்பு மேலயும் அவர் மேலயும் கொட்டிட்டாரு. ஆளுங்க சிரிச்சாங்க.

"கால் தடுக்கிருச்சு லா," அப்படின்னாரு. "வா, துணி மாத்திட்டு வருவோம்."

மோட்டார் சைக்கிள்ல அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கைலி கொடுத்தாரு. கதவைச் சாத்திட்டு, "எத்தனை மாசமா?"ன்னு கேட்டாரு. நான் கைலியை இறுக்கிக் கட்டினேன்.

"எனக்கும் ஆறு வருஷமா இருக்கு, பிராஸ்டேட்ல புற்றுநோய்," அப்படின்னாரு மண்டோர். "என் வீட்டுக்காரிக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். இப்ப உனக்கு."

அப்படியே உடைஞ்சு அழுதேன். அழாதேன்னு அவர் சொல்லல. ரொம்ப நேரம் கழிச்சு, "அண்ணே, என்மேல கோவம் இல்லையா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு. அது வேற."

ஊசியை நிறுத்தினதை நான் சொன்னதும் அவர் திட்டின திட்டுல காது அடைச்சுப் போச்சு. மறுவாரம் காலையில என் வீட்டு வாசல்ல மோட்டார் ஹாரன். "ஏறு," அவ்வளவுதான் சொன்னாரு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. அடக்க முடியாததுக்கு மாத்திரையும் தசைப் பயிற்சியும் கொடுத்தாங்க. இத்தனை நாள் சொல்லாம விட்டதாலதான் நனைஞ்சுக்கிட்டுக் கிடந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் ரோஸ்லின்கிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். "எனக்கு நீங்க வேணும். மத்ததெல்லாம் அப்புறம்," அப்படின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் சாப்பாட்டை மாத்தினேன். கெட்டிப்பால் ஊத்தின தேத்தண்ணி, பொரிச்ச இறைச்சி எல்லாம் போச்சு. சோறு பாதி, கீரை பாதி, ஆவியில வெந்த கெம்போங் மீன். சாப்பாடு புற்றுநோயைத் துரத்தும்னு நான் சொல்லல. ஊசியைத் தாங்க உடம்புக்குத் தெம்பு வேணும். தினமும் சாயங்காலம் நானும் மண்டோரும் செம்பனை வரிசையில நடக்கிறோம். அவர் தம்பி விஷயத்துல இன்னும் சண்டை போட்டுக்கிட்டேதான் நடக்கிறோம்.

ஒருத்தர் புற்றுநோயைப் போக்கும்னு ஒரு பொடி விக்க வந்தாரு. "விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு?"ன்னாரு. "ஊசிக்கு என்னைக் கூட்டிட்டுப் போனதே ஆண்டவர்தான், நீங்க போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டேன்.

ரத்தத்துல புற்றுநோயைக் காட்டுற அளவு இறங்கியிருக்கு. மறுபடி ஏறலாம். ஏறட்டும், பாத்துக்கிறேன். கோபத்துல கேட்டதுக்கும் பதில் கொடுத்தவர் ஆண்டவர். அவருக்கு நன்றி.

இங்க உக்காந்திருக்கிற ஆம்பளைங்களே, வெக்கப்பட்டே செத்துப் போகாதீங்க. இதே தொல்லை யாருக்காவது இருந்தா பூசை முடிஞ்சதும் மாமரத்துப் பக்கம் வாங்க. நானும் மண்டோரும் நிப்போம்; தன் கதையையும் சொல்லச் சொன்னது அவர்தான். யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வண்டி ரெடியா இருக்கு.