மண்ணுக்கு மேலே விட்ட முடிச்சு

இந்த ஜூன் மாதத்தில் ஒரு காலை, எங்கள் முன்தோட்டத்து ரோஜாவில் பதினேழு மொட்டுகள் இருந்தன. பல் துலக்குமுன்பே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் எண்ணினேன். மறுநாள் இருபத்து மூன்று. எழுபத்தாறு வயதுக்காரன் ஒருவன் சாரத்தோடு வெக்ஸ்போர்ட் தெருவோரம் குனிந்து நின்று விரல் மடக்கி எண்ணுவதைப் பார்த்து, நாயோடு நடை போனவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றி எழுதுவதென்றால், அதற்கு முன் அதே குழியில் நின்ற செடியைப் பற்றியும் எழுதவேண்டும். அதைக் கொன்றவன் நான்.

தோட்டம் என் மனைவியுடையது. பல வருடங்கள் அவள் ஒரு வெள்ளைக்கார மூதாட்டியைப் பராமரிக்கும் வேலைக்குப் போய்வந்தாள். அந்த வீட்டின் முன்னால் புல்லே கிடையாது. வாசற்படலையிலிருந்து கதவுவரை பூச்செடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்குமாம். உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால், இன்னும் சில பாதைக்கு வழிந்து படுத்துக் கிடக்குமாம். காட்டேஜ் தோட்டம் என்பார்கள். தானாக முளைத்ததுபோல் தெரியும், ஆனால் ஒவ்வொரு செடியும் யோசித்து வைத்தது. அங்கிருந்து கிளை கிளையாகக் கேட்டு வாங்கிவந்து எங்கள் சின்ன முற்றத்தை அவள் நிரப்பினாள். லாவெண்டர், வெள்ளை டெய்சி, நீலமாய்ப் பூத்துக் கொட்டும் பூனைப்புதினா. நடுவில் மட்டும் ஒரு இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அது ரோஜாவுக்கு.

அவளுக்கு வேண்டியது ஃப்ளோரிபண்டா. ஒரு காம்பில் ஒரு பூவென்று நிற்காமல் கொத்தாகப் பூக்கும் இனம். அதிலும் முழங்காலுக்குச் சற்று மேலே வளர்ந்து அடக்கமாக நின்றுவிடும் இளஞ்சிவப்பு வகை. ஐந்து வருடங்களுக்கு முன், ஒஷாவா போகும் வழியில் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் நடத்தும் நர்சரியில் அதைக் கண்டுபிடித்தாள். வீடு வரும்வரை சட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.

நான் குழி தோண்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செடியில் தொங்கிய குறிப்புத் துண்டை வாசித்தாள்.

"இஞ்சரப்பா, முடிச்சை ரெண்டு இஞ்சி மண்ணுக்குள்ளை புதைக்கச் சொல்லிக் கிடக்கு." விரல்களை அகட்டி இரண்டு அங்குலம் காட்டினாள்.

பூக்கும் ரோஜாவை ஒரு காட்டு ரோஜாவின் வேரில் ஒட்டித்தான் விற்பார்கள். ஒட்டிய இடம் முடிச்சுப்போல் வீங்கியிருக்கும். நாங்கள் பிறந்த நாட்டு வெக்கைக்கும் மழைக்கும் அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அழுகும் என்று விவசாயபீடத்தில் படித்திருந்தேன்.

"உதெல்லாம் கடைக்காரர் எழுதிக் கட்டுறது. நான் படிச்சனான். முடிச்சு மேலைதான் நிக்கவேணும்."

"அப்ப சரி. நீங்கள் படிச்ச ஆள்."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியே வேலைக்காலத்தை முடித்தவன் நான். என் பட்டத்தை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. முதன்முறையாக ஒரு குழியின் ஓரத்தில் அதற்கு ஒரு வேலை வந்தது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்தக் கோடையில் செடி வேர் பிடித்து இலைவிட்டது, பூக்கவில்லை. பிறகு பனி வந்தது.

அடுத்த மே மாதம் செடியில் புதுத்தளிர்கள் சீறிக்கொண்டு கிளம்பின. மனைவி கைகொட்டினாள். நான் குந்தியிருந்து பார்த்தேன். முடிச்சுக்கு மேலே எல்லாம் கறுத்துச் செத்திருந்தது. தளிர்கள் முடிச்சுக்குக் கீழே, வேரிலிருந்து வந்திருந்தன. ஓர் இலையில் ஐந்து சிற்றிலைகளுக்குப் பதிலாக ஏழு. இலைக்காம்பின் அடியில் மயிர்மயிராக விளிம்பு. காட்டு ரோஜா. ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "நல்லா வருது" என்றேன்.

ஒரு வருடம் அவள் அந்தக் காட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அது அவள் உயரத்துக்கு வளர்ந்து லாவெண்டரை மூடியது. மறு ஜூனில் குட்டிக் குட்டியாய் வெள்ளைப் பூ பூத்தது.

"உதென்ன, வெள்ளை?" என்று கேட்டாள்.

"கடைக்காரன் மாறித் தந்திட்டான் போல" என்றேன்.

அன்றே நர்சரிக்குப் போகவேண்டும் என்றாள். கார் ஓட்டியவன் நான். அவள் இறங்கிப் போனாள், நான் காருக்குள்ளேயே இருந்தேன். கண்ணாடி இறங்கியிருந்தது, எல்லாம் கேட்டது.

"தம்பி, பிங்க் எண்டு தந்தது வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. எங்களைப் பேக்காட்டலாமெண்டு நினைச்சியளோ?"

"அன்ரி, ஒருவேளை ஒட்டு பட்டுப்போய்..."

"என்ரை மனுசன் விவசாயத்திலை டிகிரி முடிச்சவர். அவரே சொல்லுறார், நீங்கள் மாறித் தந்திட்டியள் எண்டு."

அந்த மனிதர் காரின் பக்கம் திரும்பினார். நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்தேன். வேறு செடி தருகிறேன் என்றார். "உங்கடை கடையிலை இனி ஒரு புல்லும் வாங்கன்" என்று சொல்லிவிட்டு அவள் வந்து ஏறினாள். வீட்டுக்கு வந்து காட்டு ரோஜாவை வேரோடு கிண்டி எறிந்தாள். அதன்பிறகு நடுவில் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. பூனைப்புதினாகூட அதற்குள் படரவில்லை.

போன கோடையில் டோர்செட் பார்க்கில் ஒரு பிறந்தநாள் விழா. கொத்துரொட்டித் தட்டோடு இருக்கும்போது தோட்டக்கதை வந்தது. மனைவி அந்த நர்சரிக் கதையை மறுபடி சொன்னாள். விழாவுக்கு அழைத்த பெண் என்னைப் பார்த்து, "அங்கிள் படிச்சவர், அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ரொட்டித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அதே நர்சரிக்குத் தனியே போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதே இளஞ்சிவப்பு ரோஜாவை எடுத்துத் தந்துவிட்டு, "அங்கிள், குறை நினையாதேங்கோ, ஒண்டு சொல்லுறன். ஊரிலை மாதிரி வைச்சிடாதேங்கோ. முடிச்சை ரெண்டு இஞ்சி உள்ளுக்கை புதைச்சு விடுங்கோ. குளிர் முதல்லை அதைத்தான் கொல்லும்" என்றார்.

"ஓ, அப்பிடியோ?" என்றேன். முதல்முறை கேட்பவன்போல. செடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு ஒரு பெரிய கடையில் வாங்கியதாக மனைவியிடம் சொன்னேன். பொய்யின்மேல் இன்னொரு பொய்.

ஆனால் அந்தச் செடியை நான் வளர்த்த விதம்! அடிமட்டம் வைத்து இரண்டு அங்குலம் அளந்து புதைத்தேன். நவம்பரில் அடித்தண்டைச் சுற்றிக் குப்பை உரத்தைக் குவித்து மூடினேன். ஏப்ரலில் குவியலை விலக்கி, தண்டை நகத்தால் சுரண்டினேன். பச்சை! "பச்சை, பச்சை!" என்று நான் கத்தியதில் மனைவி அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். மே மாதம் மண்ணைக் கீறிக்கொண்டு கருஞ்சிவப்பில் தளிர்கள். ஒவ்வொரு இலையாக எண்ணினேன். ஐந்து. ஐந்து. ஐந்து.

மொட்டுகள் இருபத்து மூன்றான அன்றுதான் முதற்கொத்து விரிந்தது. நல்ல இளஞ்சிவப்பு, நடுவில் கொஞ்சம் அழுத்தமாக. மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"பாத்தியளே! நல்ல கடையிலை வாங்கினா உப்பிடித்தான் வரும். அந்தக் கள்ளன் எங்களை ஏமாத்தினான்."

அந்தச் சொல்லோடு என் வாய் திறந்தது. அங்கேயே, பூவுக்கு முன்னாலேயே, முழுவதையும் சொன்னேன். அவள் கோப்பையைப் படியில் வைத்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"தளிர் வந்த அண்டைக்கே."

"நான் போய்க் கத்தேக்கையும் தெரியும்?"

"ஓம்."

"காருக்குள்ளை இருந்தனீங்கள்."

"ஓம்."

அவள் செருப்பை மாட்டினாள். பிறகு, "வெளிக்கிடுங்கோ" என்றாள்.

"எங்கை?"

"சாரத்தோடை வாறியளோ, காற்சட்டை போடுறியளோ, உங்கடை விருப்பம். நான் காருக்குள்ளை இருக்கமாட்டன். பக்கத்திலை நிண்டு கேக்கப்போறன்."

நர்சரிக்காரர் சட்டிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார்.

"என்னை ஞாபகம் இருக்கோ தம்பி?"

"மறக்கேலுமோ அன்ரி?"

"இவர் ஒண்டு சொல்லவேணுமாம்."

சொன்னேன். சுற்றி வளைக்காமல், முடிச்சிலிருந்து தொப்பிவரை. அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லவில்லை. போய்க் குழாயைப் பூட்டிவிட்டு வந்தார்.

"அங்கிள், டிகிரிக்காரர் சொன்னவர் எண்டதாலை நானும் நம்பினனான். அந்தச் சாதியிலை வேறை செடியள் கலந்து வந்திட்டுது எண்டு, பூக்காமல் மிச்சம் நிண்டதெல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சனான். எல்லாம் நல்ல செடியள்."

அது எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர்தான் கேட்டார்: "இப்ப வைச்சது பூத்திட்டுதோ?"

"இருபத்து மூண்டு மொட்டு!" என்றேன். அந்த நேரத்திலும் என்னால் அடக்க முடியவில்லை. கைபேசியை எடுத்துக் காட்டினேன். அவர் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். "வடிவா வந்திருக்கு. பூத்து முடிய அந்தக் கொத்தை வெட்டிவிடுங்கோ, திருப்பியும் பூக்கும்" என்றார். மனைவி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

காரில் ஏறியதும் அவள் கையை நீட்டி என் கைபேசியை வாங்கினாள்.

"நான் இந்தத் தம்பியைப் பற்றி ஒம்பது பேருக்குச் சொன்னனான். ஒம்பது பேருக்கும் நீங்கள்தான் எடுக்கவேணும். இப்பவே."

முதல் அழைப்பு பிறந்தநாள் விழா வைத்த பெண்ணுக்கு.

"அப்ப அது உங்கடை பிழையோ அங்கிள்?"

"ஓம் பிள்ளை. முழுக்க என்ரை பிழை. அந்தத் தம்பியிலை ஒரு பிழையும் இல்லை."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னால் யாரையோ கூப்பிட்டு, "இஞ்சை கேளுங்கோ கதையை" என்றாள். சிரிப்பு அடங்க நான் காத்திருந்தேன்.

"சரி அங்கிள், எனக்கும் ஒண்டு வைக்க விருப்பம். முடிச்சை எவ்வளவு ஆழத்திலை வைக்கிறது?"

"ரெண்டு இஞ்சி," என்றேன். "மண்ணுக்குள்ளை."

மனைவி அடுத்த எண்ணை அழுத்தி என் கையில் தந்தாள்.