வாயில் ரத்தத்தோடு வந்தவர்

கல்யாணம் முடிந்து அப்புத்தளைக்கு வந்த புதிதில் என் கணவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். பெண் பார்க்க வந்தபோதும் தலையைக் குனிந்துகொண்டேதான் நின்றேன். அவர் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு எங்களுடையது.

ஒரு போயா நாள், பௌர்ணமி. கடைக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டதும், போனைச் செம்பில் சாய்த்து வைத்து ஒரு படம் போட்டார்.

"நல்ல லவ் படம், பாரு."

தமிழ் பேசவைத்த வெளிநாட்டுப் படம். ஒரு பேக்கரியில் வேலை செய்யும் பெண். இருட்டியபின் மட்டும் பாண் வாங்க வரும் அழகான பையன். இருவருக்கும் காதல். ஒரு நாள் அவள் அவன் வீட்டுக்குப் போகிறாள். இத்தனை நாள் வாங்கிய பாண் எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் குவிந்து கிடக்கிறது. அவன் அதில் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. அவனுக்கு வேண்டியது ரத்தம். கடைசியில் அவன் அழுதுகொண்டே அவள் கழுத்தைக் கடிக்கிறான். அவளோ சிரித்தபடி கண்ணை மூடிக்கொள்கிறாள்.

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அவளுக்கே விருப்பந்தானே, இதுல என்னா பயம்?" என்று சிரித்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டார். "பாண் வாங்கிட்டு வாறேன்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது. எதிரே இருந்த தேயிலை மலையே காணாமல் போனது. கதவைத் தாழிட்டு, லைட்டைப் போட்டு, கட்டிலில் சுருண்டு உட்கார்ந்தேன்.

கதவு தட்டும் சத்தம். "தொற புள்ள." குரல் அவருடையதாக இல்லை. நாக்குத் தடித்ததுபோலக் குழறியது.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மோவாயிலிருந்து சட்டைவரை ரத்தம். கையில் பாண் பை. என்னைக் கண்டதும் சிரித்தார். மேல்வரிசைப் பல் ஒன்று ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் மேல்தாழ்ப்பாளையும் போட்டேன்.

"யாரு நீங்க?"

"யாரா? ஒன் புருஷன்!"

"அப்படின்னா எங்கப்பாவுக்கு என்னா வேலன்னு சொல்லுங்க."

"ஃபெக்டரியில வாச்சர். வலிக்குது புள்ள, தொற."

சரியான பதில்தான். ஆனால் பேயே ஆனாலும் அதெல்லாம் விசாரித்துத்தானே கட்டியிருப்பான் என்று தோன்றியது. முருகா, முருகா என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது. "ஐயையோ, பாசிப்படியில விழுந்துட்டீங்களா? பல்லு ஒடஞ்சிருச்சே! அடியே, உள்ள என்னா பண்ற? தொறடி!"

திறந்தேன். வேறு வழி இருக்கவில்லை. கிட்டத்தில் பார்த்தபோதுதான் உதடு பிளந்திருப்பது தெரிந்தது.

அக்கா ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் தையல் போட ஊசியை எடுத்ததும் என் கணவரின் முகம் வெளுத்துப்போனது. "வேணாங்க டொக்டர், தானா ஆறிரும்," என்று என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அவர் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். என் பயம் போகவில்லை. ஆனால் அவருடைய பயத்தையும் சேர்த்து நான்தான் தாங்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் பனியில் ரோடே தெரியவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி நீட்டி ஓட்டினார்.

"நெசமாவே என்ன பேய்னு நெனச்சியா?"

"ஆமாங்க."

உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இப்ப?"

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பல் வெளியே தெரிந்தது.

"இப்பவுந்தாங்க. கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாங்க."

பதுளைக்குப் போய்ப் பல்லைச் சரிசெய்யும்வரை, ராத்திரியில் லைட்டை அணைக்க நான் விடவில்லை. அவரும் ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.